நச்சாடையும் தேரையும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் தெற்கே போனால் சேத்தூர் வரும். அதைத் தாண்டி, மலையை அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் இருக்கிறது தேவதானம். மேற்கே சாஸ்தா கோயில் அணை, சுற்றிலும் தென்னந்தோப்பும் நெல்வயலும். தென்பாண்டிச் சீமையின் பஞ்சபூதத் தலங்களில் இந்த ஊர் ஆகாயத் தலம். இங்குள்ள சிவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். பாண்டியனைக் கொல்ல நினைத்த சோழன், நஞ்சு தோய்த்த ஆடை ஒன்றைப் பரிசாக அனுப்பினான். அந்த ஆடையிலிருந்து பாண்டியனை இறைவன் காத்தார் என்பது தலபுராணம்.

என் சித்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பல வருஷம் ஷிப்ட் வேலை பார்த்தவர். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்தியவர். ஒரு வைகாசியில் நான் போயிருந்தபோது, பின்னறையில் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார். கொண்டையை அவிழ்த்து விட்டிருந்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார். புரண்டு படுத்தபோது முந்தானை தோளில் உரசியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நச்சாடைய உடுத்துன மாதிரி எரியுதுய்யா" என்றார்.

தலைவலி என்றால் தலைதானே வலிக்க வேண்டும், துணி ஏன் சுடுகிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பல வருஷம் கழித்து மருத்துவ இதழ்களைப் படித்தபோதுதான், சித்தி சொன்னது ஒரு நோய்க்குறியின் துல்லியமான வருணனை என்று தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் போஸ்டனில் ராமி பர்ஸ்டைன் என்பவரின் குழு, ஒற்றைத் தலைவலி உள்ள 42 பேரை வலி இல்லாத நாளிலும் வலிக்கும்போதும் சோதித்துப் பார்த்தது. சாதாரணமாக வலிக்காத லேசான தொடுதல், இளஞ்சூடு, குளிர்ச்சி எல்லாம் வலி வந்த வேளையில் 79 சதவீதம் பேருக்கு வலியாகவே தெரிந்தன. தலை சீவ முடியவில்லை, மூக்குக் கண்ணாடி போட முடியவில்லை, காதில் கம்மல் மாட்ட முடியவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதெல்லாம் இதுதான்.

இது நடப்பது ஒரு வரிசையில். மூளைக்கு வலிக்காது, அதைச் சுற்றியிருக்கிற உறைக்கு வலிக்கும். அந்த உறையிலும் அதன் ரத்தக் குழாய்களிலும் முக்கிளை நரம்பின் நுனிகள் பரவியிருக்கின்றன. முதலில் கிளர்ச்சியடைவது இந்த நுனிகள். அப்போது நாடித்துடிப்பு ஒவ்வொன்றும் மண்டையில் சம்மட்டியாக விழும். குனிந்தாலும் இருமினாலும் தெறிக்கும். சற்று நேரத்தில் கிளர்ச்சி மூளைத் தண்டில் இருக்கும் அடுத்த நரம்பணுவுக்குத் தாவுகிறது. இப்போது உச்சந்தலைத் தோலைத் தொட்டாலே வலி. அதற்கும் மேலே தலாமஸ் என்னும் சந்திப்புக்கு ஏறிவிட்டால் தோள், கை என்று உடம்பு முழுவதும் நச்சாடை போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. கீழே மூட்டிய நெருப்பு மேல்தளத்துக்கு ஏறியபின் கீழ்க்கதவில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? டிரிப்டான் வகை மாத்திரைகள் முதல் கட்டத்தில், தோல் கூசத் தொடங்கும் முன்பே போட்டால் நன்றாகக் கேட்கின்றன என்றும், கூச ஆரம்பித்தபின் போட்டால் துடிப்பை மட்டும் தணித்துவிட்டு வலியை மிச்சம் வைக்கின்றன என்றும் இதே குழு பின்னர் காட்டியது.

சித்தி மாத்திரை போடுவது எப்போது? உலை இறக்கி, குழம்பு கூட்டி, எல்லோருக்கும் பரிமாறி, இனித் தாங்காது என்று ஆன பிறகு. "மாத்திர கேக்கல" என்று அவர் சொன்ன பத்துத் தடவையில் பாதியாவது இந்தத் தாமதத்தால்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தேவதானத்திலிருந்து அதே மலைத்தொடரை ஒட்டி இன்னும் தெற்கே போனால், கடையத்துக்குப் பக்கத்தில் தோரணமலை இருக்கிறது. அகத்தியர் அங்கே மருத்துவம் பார்த்தார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தீராத தலைவலியோடு வந்த ஒரு மன்னனின் மண்டையோட்டை அவர் திறந்து பார்க்க, மூளையின்மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்ததாம். பிடுங்கினால் மூளை கிழியும். கூட நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அலம்பிக் காட்ட, சத்தம் கேட்ட தேரை தண்ணீருக்குள் குதித்துவிட்டது. சீடனுக்குத் தேரையர் என்ற பெயர் அப்படி வந்தது என்பார்கள். ஒரு நுட்பமான மருத்துவ மனம் படைத்த அழகான கதை. வலியைப் பிடுங்கப் பார்க்காமல் அதை வெளியே வர வைக்கிற சாமர்த்தியம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஆனால் இந்தக் கதை நம் மனத்தில் ஒரு எதிர்பார்ப்பையும் ஊன்றிவிட்டது. தீராத தலைவலி என்றால் உள்ளே எங்கேயோ ஒரு தேரை இருக்க வேண்டும்; கைதேர்ந்த ஒருவர் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. சித்தியின் தேரையை எத்தனை இடத்தில் தேடினார்கள்! கண்ணில் தேடினார்கள், கண்ணாடி வந்தது. பித்தத்தில் தேடினார்கள், இஞ்சிச் சாறும் பேதி மருந்தும் வந்தன. தலையில் நீர் கோத்திருக்கிறது என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார்கள், நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பற்றுப் போட்டார்கள். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை மாட்டினார்கள். கண்ணேறு கழித்தார்கள். சைனஸ் என்று சொல்லித்தான் அதிக காலம் ஓட்டினார்கள். இதில் சித்தி தனி ஆள் இல்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பியவர்களையும் மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தவர்களையுமாக 2,991 பேரைக் கூர்ந்து விசாரித்தது. 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் எனப்படும் இந்த ஒற்றைத் தலைவலி. வலிக்கும்போது மூக்கடைப்பதும் கண்ணில் நீர் வடிவதும் முன்பு சொன்ன முக்கிளை நரம்பு தூண்டிவிடுவதுதான்.

கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. மைக்ரேன் உள்ளவருக்கு ஸ்கேன் பெரும்பாலும் அப்படித்தான் வரும். கட்டி இல்லை என்று நிம்மதி தர வேண்டிய அந்தக் காகிதம், வீட்டுக்கு வந்ததும் வேறு பொருள் கொண்டது. "ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இதுக்கா இப்படிப் படுத்துக் கிடக்க?" இருபது வருஷ வலியில் சித்தி அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தேரை ஏன் அகப்படவில்லை என்றால், இது மூளையின் இயல்பிலேயே இருக்கிற நோய். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சிலருடைய மூளை மாற்றத்தைத் தாங்காது. தூக்கம் கூடினாலும் குறைந்தாலும், சாப்பாட்டு வேளை தவறினாலும், மாதவிலக்கையொட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கினாலும், வெயில் ஏறினாலும் அது எல்லை கடந்து பற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் லாரா ஷுல்ட்டே, ஆர்னே மே இருவரும் ஒரே நோயாளியின் மூளையை 30 நாள் தொடர்ந்து ஸ்கேன் செய்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வலி தொடங்குவதற்கு முந்தைய ஒருநாள் அளவிலேயே ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் செயல்பாடு மாறியிருந்தது. பசி, தூக்கம், தாகம், கொட்டாவி எல்லாவற்றையும் மேய்க்கிற பகுதி அது. தலை வலிக்கும் முன்பே நோய் தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்ததும் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஞாபகம் வந்தது. பால்கோவா சாப்பிட்டால் மறுநாள் தலைவலி வருகிறது என்று சித்தி அதைத் தொடுவதையே விட்டிருந்தார். வலி வருவதற்கு முந்தின நாள் பலருக்கு இனிப்பின்மேல் ஒரு வேட்கை எழும். அது வரப்போகிற வலியின் முதல் அறிகுறி. பால்கோவா வலியைக் கொண்டுவந்ததா, வந்துகொண்டிருந்த வலி பால்கோவாவைக் கேட்டதா? சித்தியின் விஷயத்தில் இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு வலிக்கும் முன்னால் தின்றதையெல்லாம் பகையாக்கிக்கொண்டே போனால், கடைசியில் தட்டில் ரசம் சோறுதான் மிஞ்சும். வலி மட்டும் அப்படியே இருக்கும்.

இவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடுவீடாகப் போய்க் கேட்டபோது, ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகம். இது பட்டணத்துக்காரர் நோய், படித்தவர் நோய் என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சுமார் 21 கோடிப் பேருக்கு மைக்ரேன். உலக அளவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் வாழ்நாளை வேறெந்த நோயைவிடவும் அதிகமாக முடக்கிப்போடுவது இதுதான்.

பெரும்பாலோருக்கு மாதத்தில் சில நாள் வந்து போகும். சிலருக்கு மெல்ல நெருங்கி, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேனுக்குரிய தன்மையோடு, மூன்று மாதத்துக்கும் மேலாக என்று ஆகிவிடுகிறது. இதைத்தான் நாட்பட்ட மைக்ரேன் என்கிறார்கள். "எந்த மருந்தும் கேக்கல" என்ற சொல் பிறப்பது இந்தக் கட்டத்தில். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

சித்தியின் அலமாரியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே அட்டை அட்டையாக வலி மாத்திரைகள். ஷிப்டுக்குப் போகும் முன் ஒன்று, வந்தபின் ஒன்று. வலி இல்லாத நாளிலும், வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்று. இதுதான் முதல் கண்ணி. பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், எர்கோட்டமின், டிரிப்டான் அல்லது பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாளும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்குகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் தலைவலிக்கென்று எடுத்துக் கொடுப்பவற்றில் எர்கோட்டமினும் காஃபினும் கலந்தவை உண்டு. ஆகவே 10 நாள் என்ற கோட்டை நம்மவர்கள் தெரியாமலேயே தாண்டிவிடுகிறார்கள்.

அடுத்த வீட்டு ஆச்சி மூட்டுவலிக்கு அதே போன்ற மாத்திரையை தினமும் சாப்பிடுகிறாரே, அவருக்கு ஏன் தலை வலிக்கவில்லை என்று சித்தி கேட்டது நியாயமான கேள்வி. மூட்டுநோய்ச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் 2003-இல் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. தினமும் வலி மாத்திரை சாப்பிட்டவர்களில் தினசரித் தலைவலிக்குப் போனவர்கள், முன்பே மைக்ரேன் இருந்தவர்கள்தாம். ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர்களிடம்தான் மாத்திரை இந்தச் சேட்டையைச் செய்கிறது. இதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை, வலித்தது, போட்டார். ஆனால் இந்தக் கண்ணியிலிருந்து வெளியே வராதவரை அடுத்த மருந்து எதற்கும் முழு வாய்ப்புக் கிடைக்காது. நிறுத்திய முதல் சில நாட்களில், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக, வலி இன்னும் மோசமாகும். அதைச் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் யாரும் மூன்றாம் நாளைத் தாண்ட மாட்டார்கள். மருத்துவர் துணையோடு, தடுப்பு மருந்தையும் கூடவே தொடங்கிச் செய்ய வேண்டிய காரியம் இது.

தடுப்பு மருந்து என்றால், வலிக்கும்போது போடுவது இல்லை. வலிக்காத நாளிலும் தினமும் எடுப்பது. வெகுகாலம் வரை இவற்றில் எதுவுமே மைக்ரேனுக்கென்று பிறந்ததில்லை. புரோப்ரனலால் இதய மருந்து. 1960-களில் நெஞ்சுவலிக்கு அதைச் சாப்பிட்டவர்கள், தலைவலியும் குறைந்தது என்று தாங்களாகவே சொன்னார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து, டோப்பிரமேட் வலிப்பு மருந்து, கேண்டசார்ட்டன் ரத்த அழுத்த மருந்து. சித்திக்கு ஒருமுறை அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். கடையில் யாரோ, "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாச்சே" என்று சொல்ல, அந்த அட்டையில் நான்கு மாத்திரைக்குமேல் உடைபடவில்லை. "மருந்து கேக்கல" பட்டியலில் அதுவும் சேர்ந்தது.

இந்த மருந்துகள் வேலை செய்கின்றனவா என்று சொல்ல, சரியான அளவில் 8 முதல் 12 வாரம் ஆகும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஆனால் பக்க விளைவு முதல் வாரமே வந்துவிடும்: பகல் தூக்கம், வாய் வறட்சி, டோப்பிரமேட்டில் விரல் மரத்துப்போதல், வார்த்தை தடுமாறுதல். கஷ்டம் முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. அமெரிக்காவில் நாட்பட்ட மைக்ரேன்காரர்களின் மருந்துச் சீட்டுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், ஆறு மாதம் முடியும்போது தடுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 30 சதவீதம்கூட இல்லை; ஓராண்டு முடிவில் அது 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மருந்து கொடுத்தவர், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், எது குறைந்தால் அதை வெற்றி என்று எண்ண வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எது வெற்றி? தலைவலி அறவே நின்றுபோவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தேரை குதித்து ஓடிவிட வேண்டும். மருத்துவ ஆய்வுகளில் வெற்றி என்று எண்ணப்படுவது, வலி நாட்கள் பாதியாவது. நாட்பட்ட நிலையில் 30 சதவீதம் குறைந்தாலே பொருட்படுத்துகிறார்கள். மாதம் 20 நாள் என்பது 12 நாளாக இறங்கினால், குறிப்பு எழுதாதவருக்கு அது தெரியவே தெரியாது. பன்னிரண்டு நாளும் வலித்ததுதான் நினைவில் நிற்கும். கூடுதலாக வலிக்காமல் கழிந்த எட்டு நாள் தடயமில்லாமல் போய்விடும்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. இந்த நோயில் வெறும் மாவு மாத்திரைக்கும் பலர் தேறுகிறார்கள். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மீது நடந்து 2017-இல் வெளியான பெரிய சோதனையில் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டவர்களில் 52 சதவீதமும், டோப்பிரமேட் சாப்பிட்டவர்களில் 55 சதவீதமும், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 61 சதவீதமும் வலி நாட்கள் கணிசமாகக் குறைந்ததாகக் காட்டினார்கள். நோய் கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. மைக்ரேன் தானாகவே ஏறி இறங்கும். அக்கறையோடு ஒருவர் விசாரித்துத் தொடர்ந்து கவனிக்கும்போது மூளை வலியைக் கையாளும் விதம் நிஜமாகவே மாறும். கஷாயமோ மந்திரித்த கயிறோ சிலருக்குச் சில மாதம் பலித்ததும், பிறகு பலிக்காமல் போனதும் இப்படித்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கேட்காதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2020-இல் ஐரோப்பியத் தலைவலி மருத்துவர்கள் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். குறைந்தது மூன்று வகைத் தடுப்பு மருந்துகளை முறையாகப் பார்த்தும் மாதம் 8 நாளாவது முடக்கிப்போடும் வலி இருந்தால் மருந்தை எதிர்க்கும் மைக்ரேன். இருக்கிற எல்லா வகையும் தோற்று ஆறு மாதம் அப்படியே நீடித்தால் மருந்துக்கு அடங்காத மைக்ரேன். இப்படி ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குச் செய்த நியாயம் என்பேன். நோயாளி சரியாக ஒத்துழைக்கவில்லை என்று கை கழுவுவதற்குப் பதிலாக, நோய் இவ்வளவு கடுமையானது என்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது.

அவர்களுக்கான வழி, நரம்பு நுனியில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கின் வழியாகத் திறந்தது. 1982-இல் கண்டறியப்பட்ட இதை, 1990-இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் இருவரும் வலியில் துடித்துக்கொண்டிருந்தவர்களின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் அளந்தார்கள்; அளவு கூடியிருந்தது. அதைத் தடுக்கும் முதல் ஊசி மருந்தான எரினுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மைக்ரேனுக்கென்றே சிந்தித்து உருவாக்கிய தடுப்பு மருந்து வர அவ்வளவு காலம் ஆயிற்று. இந்தப் பாதையைத் திறந்ததற்காக அந்த இருவரோடு மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலெசன் ஆகியோருக்கும் 2021-இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. 2024-இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், மற்ற மருந்துகள் தோற்கும்வரை காத்திராமல் இவ்வகை மருந்துகளை முதலிலேயே கொடுக்கலாம் என்று சொன்னது. தேவதானத்திலிருந்து பார்த்தால் இவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. போட்டுலினம் ஊசி இன்னொரு வழி. நெற்றி, பொட்டு, பிடரி, தோள் என்று 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒருமுறை. பெரிய சோதனைகளில் அதைப் போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கும் வலி நாட்கள் பாதியாயின. பலன் உண்டு, அதிசயம் இல்லை.

இதைவிட எனக்கு ஆறுதல் தந்த எண் ஒன்று இருக்கிறது. நாட்பட்ட மைக்ரேன் உள்ள 383 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில், 26 சதவீதம் பேர் மாதம் 10 நாளுக்கும் குறைவான தலைவலிக்கு இறங்கியிருந்தார்கள். இந்த நோய்க்குத் திரும்பி வரும் பாதை இருக்கிறது.

சில தலைவலிகளுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது, அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்ததுபோல் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ வலிப்போ கூட வருவது, 50 வயதுக்குமேல் முதன்முதலாகத் தொடங்குவது, கர்ப்ப காலத்திலும் பிரசவமான வாரங்களிலும் புதிதாக வரும் கடுமையான வலி: இவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்திலும் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆகாது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட் கூடாது. டோப்பிரமேட்டும் சிசுவைப் பாதிக்கக்கூடியது.

மருந்து பாதி வேலைதான் செய்கிறது என்றால் மீதியை வாழ்க்கை முறையில்தான் தேட வேண்டும். மைக்ரேன் மூளை கேட்பது ஒழுங்கு. சித்தியின் மில்லில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஒரு வாரம் இரவில் விழிப்பு, மறுவாரம் விடியலில் எழுச்சி. இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதலான ஏற்பாட்டை யோசிக்க முடியவில்லை. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் நாளில் விரதம், வெயில், மேளம், கூட்டம், பஸ்ஸில் ஆட்டம் என்று எல்லாமே ஒன்றாய்ச் சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவரால் தாங்க முடிந்திருக்கும். பிற்பாடு அவர் விரதத்தை மட்டும் விட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனார். தேரையும் பார்த்தார். ஆண்டாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மும்பைத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்படும் இந்திய நோயாளிகள் 94 பேரைப் பற்றி 2006-இல் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். நீளக் கூந்தலை ஈரத்தோடு வைத்திருக்கும் நம் பெண்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். வெளிச்சக் கூச்சத்துக்கும் இப்போது விளக்கம் உண்டு. உருவம் தெரியாத பார்வையற்றவர்களிலும், வெளிச்சத்தை மட்டும் உணர முடிந்தவர்களுக்கு ஒளி பட்டதும் வலி கூடியது என்று 2010-இல் காட்டினார்கள். சன்னலைச் சாத்துவது சோம்பல் இல்லை.

உடற்பயிற்சியை நான் முதலில் நம்பவில்லை. வலிக்கிறவரிடம் நடக்கச் சொல்வதா என்று தோன்றியது. 2011-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கும், தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கும், டோப்பிரமேட் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் கிடைத்தது. டெல்லி எய்ம்ஸில் 160 பேரைச் சேர்த்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு வலியும் மாத்திரையும் இரண்டும் குறைந்தன. அவர்கள் நாட்பட்ட நிலைக்குப் போகாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்பட்ட நிலையில் இருந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு, அமிட்ரிப்டிலினோடு வலியை எதிர்கொள்ளும் மனப்பயிற்சியையும் கொடுத்தபோது 66 சதவீதம் பேருக்கு வலி நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மருந்தோடு வெறும் விளக்கம் மட்டும் கேட்டவர்களில் அது 36 சதவீதம். மனப்பயிற்சி என்றதும் மனநோய் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சித்தி எப்படித் தேறினார் என்று கேட்பீர்கள். அதிசயமாக எதுவும் நடக்கவில்லை. மில் வேலையை விட்டார், தூக்கம் ஒழுங்கானது. மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் மஞ்சள் பையைக் கொட்டி எண்ணச் சொன்னார். அந்த மாத்திரைகள் நிறுத்தப்பட்டன; அந்த வாரம் வீடே நரகமாக இருந்தது என்று சித்தப்பா சொல்வார். அதே அமிட்ரிப்டிலின், இந்த முறை மூன்று மாதம், இரவில் ஒன்று. காலண்டரில் வலித்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்குக் கறுப்புப் புள்ளி. இருபத்திரண்டு சிவப்புப் புள்ளி பதினாலானது, பிறகு ஒன்பதானது. இன்றும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்த ஒன்பது நாளும் அவருக்குப் பின்னறைதான். மாறியது இன்னொன்றும் உண்டு: அந்த நாட்களில் சித்தப்பா உலை வைக்கிறார், டிவி சத்தத்தைக் குறைக்கிறார், ஒண்ணுமில்ல என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை.

புரோப்ரனலால் பல காலமாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மைக்ரேன் தடுப்புக்கென்றே இருக்கிறது. சுமாட்ரிப்டான் 2021-இல் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அதே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. வாசலுக்கு வருகிற அந்தச் சுகாதாரப் பணியாளர், "தலை வலிக்குதாம்மா, மாசத்துல எத்தன நாள், எத்தன மாத்திர போடுறீங்க?" என்று மூன்று கேள்வியும் சேர்த்துக் கேட்டால், மஞ்சள் பைகள் பல வருஷம் முன்னதாகவே வெளியே வரும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திராமல், உங்கள் வீட்டுக் காலண்டரில் இன்றைய தேதியிலிருந்து புள்ளி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் உறையை எடுத்துக்கொண்டு போகிறீர்களோ இல்லையோ, அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு போங்கள்.